ஈர மணலில் ஒரு கோடு

பேஸ்போலில் பந்தெறியப் பழகும் பிள்ளைகளுக்கு முதலில் கால்தான் படிய வேண்டும். எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் கிரிக்கெட் பழக்கத்தில் ஓடிவந்து எறியப் பார்ப்பார்கள். இதில் ஓடிவந்து எறிவதே கிடையாது.

உப்புவெளிக் கடற்கரையின் ஈர மணலில், இலக்கை நோக்கி ஒரு கயிற்றை நேராக நீட்டி, மிதித்து அழுத்திவிட்டு எடுத்துவிடுங்கள். கோடு பதிந்திருக்கும். அதன் தொடக்கத்தில் 24 அங்குலத்துக்கு ஒரு குறுக்குக்கோடு. அதுதான் ரப்பர் பலகை, பந்தெறிபவர் காலை ஒட்டிவைத்து எறியும் இடம். வலக்கைப் பிள்ளை வலது பாதத்தைக் குறுக்குக்கோட்டை ஒட்டி அதற்கு இணையாக வைத்து, இடது முழங்காலை உயர்த்தி, நேர்கோட்டில் இடது காலை ஊன்ற வேண்டும்.

அப்புறம் தடத்தைப் பாருங்கள். இடப்பக்கம் அதிகம் விலகினால் இடுப்பு முந்தித் திரும்பிவிடும், தோளுக்குத்தான் சுமை. வலப்பக்கம் போனால் உடம்புக்குக் குறுக்கே எறிகிறது. நாம் சொல்லாமலே பிள்ளைக்குத் தன் பிழை தெரிந்துவிடும். முதல் சில நாள் பந்தே வேண்டாம், வெறுங்கை போதும்.