வீடு வாங்குவதும் குடிபெயர்வதும்: சாவிக்கு முன்னும் பின்னும்

வீடு வாங்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, வாங்கப்போகும் வீட்டுக்குள் நின்று பார்ப்பது பெரும்பாலும் அரை மணி நேரம்தான். அந்த அரை மணியிலும் விற்பவரோ தரகரோ கூடவே நடந்து, எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எந்தச் சன்னலருகே நிற்க வேண்டும் என்று வழிகாட்டிக்கொண்டிருப்பார். குடியேறிய பிறகு எதிர்பாராமல் வந்து சேரும் செலவுகள் பலவும், அன்றைக்குக் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை. ஆகவே இக்கட்டுரை இரண்டு கட்டங்களுக்குக் கூடுதல் இடம் தருகிறது: ஒன்று, விலை பேசுமுன் வீட்டைச் சோதிப்பது, மற்றொன்று, சாவி கைக்கு வந்த நாளுக்கும் சாமான்கள் வந்து இறங்கும் நாளுக்கும் நடுவே வீடு காலியாக இருக்கும் சில நாள்கள்.

கடன் கணக்கு

வீடு தேடத் தொடங்குமுன் கடன் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்குக் கடன் வாங்கினால், ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை ஏறத்தாழ 900 ஆகும்; கடன் முடியும்போது கட்டிய மொத்தத் தொகை 2,16,000-ஐ நெருங்கியிருக்கும். முதல் மாதம் கட்டும் 900-இல் 750 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 150 மட்டுமே. இதன் விளைவாக, பத்து ஆண்டுகள் தவறாமல் கட்டி முடித்த நிலையிலும் லட்சத்துக்கு 71,000 அளவுக்கு அசல் பாக்கி நிற்கும். அதே கடனை 15 ஆண்டுகளில் முடிப்பதாக வைத்துக்கொண்டால் தவணை 1,014 ஆக உயரும், மொத்தம் 1,82,600 ஆகக் குறையும். மாதம் 114 கூடுதலாகக் கட்டி 33,000-க்கு மேல் மிச்சப்படுத்துவது பலருக்கும் இயலக்கூடியதே. கையில் உபரிப் பணம் சேரும்போது அசலில் கட்டுவதானால் தொடக்க ஆண்டுகளில் கட்டுவதே பயன் தரும். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதக் கட்டணம் உண்டா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டி மாறக்கூடிய கடனாக இருந்தால், இன்றைய வட்டியோடு ஒரு சதவீதம் கூட்டியும் கணக்கிட்டுப் பாருங்கள். மேற்சொன்ன 900, 10 சதவீத வட்டியில் 965 ஆகிவிடும். அந்தத் தொகையைச் சிரமமின்றிக் கட்ட முடியுமா என்பதை வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. வங்கி எவ்வளவு தர முன்வருகிறது என்பதும், ஒரு குடும்பம் எவ்வளவைத் தாங்கும் என்பதும் வெவ்வேறு கணக்குகள். பின்னதைப் போட வேண்டியவர் நீங்கள்தான். வீட்டின் விலைக்கு மேல் பத்திரப் பதிவு, முத்திரை வரி, வழக்கறிஞர் கட்டணம், பழுதுபார்ப்பு, சாமான் ஏற்றி இறக்கும் கூலி ஆகியவையும் உண்டு. இவை போக, சில மாதத் தவணைக்காவது கையில் பணம் இருக்க வேண்டும். சேமிப்பு முழுவதையும் முன்பணத்தில் போட்டுவிட்டுக் குடியேறியவருக்கு முதல் குழாய் உடைப்பே நெருக்கடியாகிவிடும்.

வீட்டைச் சோதிப்பது

பிடித்த வீட்டைக் குறைந்தது மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரங்களில் பாருங்கள். காலைப் பரபரப்பு வேளையில் தெருவின் நெரிசலும், இரவில் சத்தமும் வெளிச்சமும், நல்ல மழைக்கு மறுநாள் கூரையும் சுவரும் எப்படி இருக்கின்றன என்று தெரியும். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் மழைக்கு மறுநாளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கட்டடத்துக்கு வரும் கேடுகளில் மிகுதியானவை தண்ணீரால் வருபவை. சுவரின் அடிப்பகுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்வரை பெயின்ட் உரிந்திருந்தால், நிலத்தின் ஈரம் சுவர் வழியாக மேலேறுகிறது என்று சந்தேகிக்கலாம். சுவரில் உப்புப் பூத்ததுபோல வெண்பொடி படிந்திருப்பதற்கும் நீரே காரணம்: செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வெளிவரும் நீர், மேற்பரப்பில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. மேற்கூரையில் தேநீர் நிற வளையங்கள் தெரிந்தால் அதற்கு நேர் மேலே குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். வீடு முழுவதும் பழைய பெயின்டாக இருக்க, ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம். அலமாரிகளைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள். கண்ணுக்கு மறைத்த பூசணத்தை மூக்குக்கு மறைப்பது கடினம்.

விரிசல் என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. பூச்சு உலரும்போது சுருங்குவதால் முடியிழைபோல விரிசல் விழுவது சாதாரணம். ஆனால் கதவு, சன்னல் மூலைகளிலிருந்து குறுக்காகச் செல்லும் விரிசலும், செங்கல் வரிசைகளைப் பற்றிக்கொண்டு படிக்கட்டுபோல ஏறும் விரிசலும் அடித்தளம் சமமின்றி இறங்குவதைக் காட்டக்கூடும். அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தாலோ, கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பிறகு, வீட்டை இயக்கிப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தால் மேல்தளத்தில் நீரின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். குளியலறைத் தரையில் ஒரு வாளி நீரை ஊற்றினால் அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்பது விளங்கும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்துக்கொண்டு, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கசிவு இருக்கிறது. தரை ஓடுகளை நாணயத்தால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்தால் அவை சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். மெயின் சுவிட்ச் பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, விற்பவரின் அனுமதியோடு அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். உடலுக்குப் பாதுகாப்பாக வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் வகை.

விளம்பரத்தில் சொல்லப்படும் பரப்பளவில் சுவர்களின் கனமும், அடுக்குமாடிகளில் சில வேளை பொதுப் படிக்கட்டின் பங்கும் சேர்ந்திருக்கும். நாடாவை நீங்களே பிடித்து ஒவ்வோர் அறையையும் உட்புறமாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவுகள் பின்னால் சாமான்களுக்கும் பயன்படும். அறைகளை மட்டும் அளந்தால் போதாது என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன்: கூடத்தையும் வாசற்கதவையும் துல்லியமாக அளந்திருந்த எனக்கு, மாடிப்படி திரும்பும் இடத்தை அளக்கத் தோன்றவில்லை, மூன்று பேர் அமரும் சோபா அந்தத் திருப்பத்தோடு நின்றுவிட்டது, இன்றுவரை அது கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது.

ஆவணங்கள்

விதிகளும் பத்திரங்களின் பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. விற்பவர்தாம் உரிமையாளரா, வேறு பங்குதாரர் உண்டா, சொத்தின்மீது கடனோ வழக்கோ வேறு வில்லங்கமோ இருக்கிறதா, கட்டியிருக்கும் அளவுக்கு அனுமதி வாங்கப்பட்டதா, வரி பாக்கி உள்ளதா, யாரேனும் வாடகைக்குக் குடியிருக்கிறார்களா என்பவையே அவை. இவற்றைச் சரிபார்க்கும் வழக்கறிஞர் நீங்கள் அமர்த்தியவராக இருக்க வேண்டும். விற்பவரோ தரகரோ பரிந்துரைத்தவரைக்கொண்டு செலவை மிச்சப்படுத்த நினைப்பது தவறான இடத்தில் காட்டும் சிக்கனம். கடன் கிடைக்காவிட்டாலோ உரிமையில் குறை தெரியவந்தாலோ முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விதியும், பதிக்கப்பட்ட அலமாரி, மின்விசிறி, நீர்சூடேற்றி ஆகியவற்றில் எவை வீட்டோடு சேர்ந்தவை என்ற பட்டியலும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இடம்பெற வேண்டும். அடுக்குமாடி வீடானால் குடியிருப்போர் சங்கத்தின் கடந்த சில ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மின்தூக்கி எத்தனை நாள் ஓடவில்லை, பராமரிப்பு நிதி எவ்வளவு குறைவு என்பதையெல்லாம் அவை ஒளிக்காமல் சொல்லும்.

காலி நாள்கள்

சாவி வாங்கிய அன்றே குடியேற வேண்டும் என்ற ஆவல் இயல்பானது. ஆயினும் இயன்றால் ஒரு வாரம், பழுதுகள் மிகுந்த வீடானால் இரண்டு மூன்று வாரங்கள், பழைய வீட்டையும் வைத்துக்கொண்டு இதைக் காலியாக விடுங்கள். இந்த இடைவெளிக்காகக் கொடுக்கும் கூடுதல் வாடகையை நான் வீண்செலவாகக் கருதுவதில்லை. சாமான்கள் நிறைந்த வீட்டில் சுவரை உடைத்து ஒயர் இழுப்பதற்கும், காலி வீட்டில் அதே வேலையைச் செய்வதற்கும் ஆகும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

முதல் நாள் வெளிக்கதவுகளின் பூட்டுகளை மாற்றிவிடுங்கள். பழைய சாவிக்கு எத்தனை நகல்கள் யார் யாரிடம் இருக்கின்றன என்பது விற்றவருக்கே நினைவிருக்காது. தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர்களைத் தேதியோடு புகைப்படம் எடுத்து, இணைப்புகளை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இணைய இணைப்புக்கு முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது.

வேலைகளின் வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இருமுறை செய்ய நேரும். சுவருக்குள் மறையும் ஒயரும் குழாயும் முதலில், கசிவை அடைப்பது அதற்கடுத்து, பூச்சு காய்ந்த பிறகு மேற்கூரைக்கும் சுவருக்கும் பெயின்ட், கடைசியாகத் தரை. ஈரம் காயாத சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளித்து உரியும் என்பதால், பெயின்ட் அடிப்பவர் காத்திருக்கிறார் என்பதற்காக அவசரப்படக் கூடாது. புதிதாகக் கட்டிய வீட்டில் சாந்திலும் கான்கிரீட்டிலும் கலந்த நீர் முழுதும் வெளியேற மாதங்கள் ஆகும். சன்னல்களை நன்றாகத் திறந்து வைப்பதோடு, வெளிச்சுவரை ஒட்டி வைக்கும் பீரோக்களுக்குப் பின்னால் நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளியும் விடுங்கள், இல்லையேல் அங்கே பூசணம் பிடிக்கும். கண்ட விரிசல் ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு அருகே தேதியை எழுதிவிடுங்கள். பெயின்ட் அடிக்கப்போகும் சுவரானால் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சாமான் கட்டுவது

கட்டத் தொடங்குமுன் கழிக்க வேண்டும். ஏற்றிச் செல்வோர் பொதுவாக அளவையும் எடையையும் தூரத்தையும் வைத்தே கூலி கேட்பதால், தேவையற்ற பொருளுக்கும் நீங்கள் வண்டிக்கூலி கொடுக்கிறீர்கள். தொலைபேசியில் சொல்லும் கூலியை நம்பாமல், வீட்டுக்கு வந்து பார்த்து எழுத்தில் தருபவரை அமர்த்துங்கள். உடைந்தால் எவ்வளவு ஈடு கிடைக்கும், மாடிப்படிக்குத் தனிக் கூலியா என்பதும் அதில் இருக்கட்டும்.

புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் போடுங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் அதைத் தூக்குபவரின் முதுகு போகும், அல்லது பெட்டியின் அடி போகும். ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நலம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், காகிதம் சுற்றி நிறுத்தி அடுக்கினால் அதிர்ச்சியைத் தாங்கும். பெட்டியின் எண்ணையும் அது போக வேண்டிய அறையின் பெயரையும் பக்கவாட்டில் எழுத வேண்டும், மேலே எழுதினால் அடுத்த பெட்டி அதை மறைத்துவிடும். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால், இறங்கும்போது எண்ணிச் சரிபார்க்கவும் உதவும். கட்டிலையும் மேசையையும் கழற்றும்போது அவற்றின் திருகாணிகளைச் சிறு பையிலிட்டு அந்தந்தச் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள். தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் ஒயர்களைப் பிடுங்குமுன் ஒரு புகைப்படம் எடுத்தால் பிறகு தடுமாற வேண்டியதில்லை.

குளிர்சாதனப் பெட்டியை முந்தின நாளே காலி செய்து அணைத்து, பனி உருகியதும் துடைத்து, நிமிர்ந்த நிலையிலேயே ஏற்றுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். வேறு வழியின்றிப் படுக்க வைத்திருந்தால், புதிய வீட்டில் நிமிர்த்திப் பல மணி நேரம், கூடுமானால் ஒரு நாள் விட்டுவைத்த பிறகே இயக்க வேண்டும். முன்புறம் திறக்கும் சலவை இயந்திரத்தின் தொட்டி உள்ளே ஸ்பிரிங்குகளில் தொங்குவதால், வாங்கியபோது பின்புறம் இருந்த போல்ட்டுகளை மறுபடி மாட்டியே வண்டியில் ஏற்ற வேண்டும். அவற்றைக் கழற்றாமல் இயக்கினாலும் இயந்திரம் கெடும்.

பத்திரங்கள், நகைகள், மருந்துகள், மின்னேற்றிகள் ஆகியவை வண்டியில் ஏறாமல் உங்களோடே வர வேண்டும். போர்வை, மாற்றுடை, சோப்பு, கத்தரிக்கோல், டார்ச், ஸ்க்ரூடிரைவர், கழிவறைக்குத் தேவையானவை ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து அதைக் கடைசியாக ஏற்றச் சொன்னால், முதலில் இறங்கும். போய்ச் சேர்ந்ததும் மற்றப் பெட்டிகளைத் திறக்காமல் கட்டில்களைப் பூட்டிப் படுக்கைகளை விரித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்குத் திருகாணி தேடும் தெம்பு யாருக்கும் இருக்காது.

வங்கி, காப்பீடு, வேலையிடம், பள்ளி, வரி அலுவலகம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரியை மாற்றுவது முதல் மாத வேலை. பழைய முகவரிக்கு வரும் அஞ்சலைத் திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் அதையும் கேட்டுப் பெறுங்கள். முதல் பெருமழை பெய்து ஓய்ந்ததும் டார்ச்சோடு ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, பென்சில் கோடுகளைத் தாண்டி விரிசல் எதுவும் நீண்டிருக்கிறதா, புகைப்படத்தில் இல்லாத ஈரக்கறை புதிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அன்றைய தேதியோடு படமெடுத்து, கட்டியவரோ விற்றவரோ ஏற்றிருந்த பொறுப்புக் காலம் முடியுமுன் எழுத்தில் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.