கரண்ட் போய்ப் பாதியில் நின்ற இன்ஸ்டால்: டெர்மினலில் சரிசெய்வது எப்படி

மண்டபத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள், விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்போடு வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகிற பையன்களும் ஏதாவது கற்றுக்கொள்ள வந்துவிடுவார்கள். வர முடியாதவர்கள் போனில் கேட்பார்கள். "அக்கா, சாஃப்ட்வேர் ஏறமாட்டேங்குது. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுரலாமா?"

வேண்டாம். இந்தப் பக்கம் நான் பார்த்தவரை, இன்ஸ்டால் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கரண்ட், நெட், கடிகாரம் மூன்றில் ஒன்று. மூன்றையுமே டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் விண்டோவில், சரிசெய்துவிடலாம், உங்கள் கோப்பு எதையும் தொட வேண்டியதில்லை.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலவே எழுதுகிறேன். எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து. ஆப்ட் என்பது ஏ, பி, டி (apt) என்ற மூன்று எழுத்து; மென்பொருளை இறக்கிப் போடும் கட்டளை. சூடோ (sudo) என்பது அட்மின் உரிமையோடு ஓட்டச் சொல்வது, அதைப் போட்டால் பாஸ்வேர்ட் கேட்கும்; பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் நீங்கள் தட்டுவது திரையில் புள்ளியாகக்கூடத் தெரியாது. கீபோர்டு போய்விட்டதோ என்று பயப்படாமல் முழுவதும் தட்டி என்டர் அடியுங்கள்.

பிழை வந்தால் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு எனக்குச் சொல்லாதீர்கள். 'சப் பிராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்ட் அன் எரர் கோட்' என்று அங்கே இருந்தால், ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி (dpkg) தோற்றது என்று மட்டும்தான் பொருள், அதில் காரணம் எதுவும் இல்லை. திரையை மேலே தள்ளிக்கொண்டே போய், எந்த இடத்தில் முதன்முதலாக எரர் என்று வருகிறதோ அதைப் படியுங்கள். விண்டோவை மூடிவிட்டீர்களா? ஸ்லாஷ் வார், ஸ்லாஷ் லாக், ஸ்லாஷ் ஆப்ட் என்ற இடத்தில் டெர்ம் டாட் லாக் என்ற கோப்பில் (/var/log/apt/term.log) அது அப்படியே இருக்கும். சூடோ லெஸ் போட்டு அதைத் திறக்கலாம்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். வாடைக்காற்று மாதங்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பழைய லேப்டாப்பில் பேட்டரியும் நிற்காது. உபுண்டு ஒரு மென்பொருளைப் போடும்போது முதலில் கோப்புகளைப் பிரித்து வைக்கும், அப்புறம்தான் அமைப்பைச் செய்து முடிக்கும். நடுவில் கரண்ட் போனால், வல்லத்தில் இன்ஜினை இறக்கிவிட்டுப் போல்ட் முறுக்காத நிலை. எந்தப் பேக்கேஜ் (மென்பொருள் கட்டு) எதுவரை வந்தது என்ற குறிப்பு டிஸ்க்கில் இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்:

சூடோ, இடம், டி பி கே ஜி, இடம், இரண்டு டேஷ் ஒட்டி கன்ஃபிகர், இடம், ஒரு டேஷ் ஏ.

அது முடிந்ததும் சூடோ ஆப்ட் போட்டு, இரண்டு டேஷ் ஒட்டி ஃபிக்ஸ் டேஷ் புரோக்கன், இடம் விட்டு இன்ஸ்டால். விட்டுப்போன சார்புப் பேக்கேஜ்களை அது இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் இந்த இரண்டிலேயே வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட பேக்கேஜ் பெயரைச் சொல்லி 'ரீஇன்ஸ்டால்' செய் என்று அடம்பிடித்தால், சூடோ ஆப்ட் இன்ஸ்டால், இரண்டு டேஷ் ரீஇன்ஸ்டால், அப்புறம் அந்தப் பெயர்.

இதெல்லாம் வராமல் இருக்க ஒரு வழி உண்டு, இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். சூடோ ஆப்ட் இன்ஸ்டாலுக்குப் பிறகு ஒரு டேஷ் டி (டவுன்லோடின் முதல் எழுத்து, d) சேர்த்துப் பெயரைக் கொடுத்தால் டவுன்லோட் மட்டும் நடக்கும். நெட் மெதுவாக இருந்தாலும் இரவெல்லாம் இறங்கட்டும். கரண்ட் போனாலும், பாதி இறங்கிய கோப்பு பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எல்லாம் இறங்கிய பிறகு, இன்வெர்ட்டர் உள்ள இடத்தில் வைத்து அதே கட்டளையை டேஷ் டி இல்லாமல் கொடுங்கள். நெட்டே தேவைப்படாது.

கடிகாரம் பலருக்குத் தோன்றாத காரணம். போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 என்ற வட்டச் செல் தீர்ந்துவிட்டால், அணைத்துப் போடும்போது தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது ஆப்ட் அப்டேட் கொடுத்தால் 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்று வரும், அல்லது சர்டிஃபிகேட் சரியில்லை என்று வரும். நெட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் டேட் என்று தட்டிப் பாருங்கள். தேதி தவறு என்றால் சூடோ டைம்டேட்சிடிஎல் (timedatectl), இடம், செட் டேஷ் என்டிபி (set-ntp), இடம், ட்ரூ. நெட் இருந்தால் சிறிது நேரத்தில் தானே சரியாகிவிடும். ஆனால் செல்லை மாற்றும்வரை இது திரும்பத் திரும்ப வரும், ஆகவே மாற்றிவிடுங்கள்.

நெட் தகராறு செய்தால் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வரும். இறங்கியதும் சர்வர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சூடோ ஆப்ட் கிளீன் கொடுத்து மறுபடி அப்டேட் செய்யுங்கள். அப்படியும் வந்தால் போனின் ஹாட்ஸ்பாட்டை மாற்றிப் பாருங்கள், வேறு கம்பெனி சிம்மாக இருந்தால் இன்னும் நல்லது.

'குட் நாட் கெட் லாக்' (பூட்டு கிடைக்கவில்லை) என்று வந்தால் பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடுகிறது. காத்திருங்கள். லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், ஓடிக்கொண்டிருப்பது பாழாகும். 'அனேபிள் டு லொகேட்' என்றால் எழுத்துப்பிழையாக இருக்கலாம், அல்லது அப்டேட் கொடுக்காமல் இன்ஸ்டால் கொடுத்திருப்பீர்கள். டிஸ்க் நிறைந்ததா என்று டிஎஃப் டேஷ் எச் (df -h) காட்டிவிடும்.

'404 நாட் ஃபவுண்ட்' வேறு கதை. அப்டேட் கொடுத்த பிறகும் அதுவே வந்தால், உங்கள் பதிப்பின் ஆதரவுக் காலம் முடிந்து கோப்புகள் சர்வரை விட்டுப் போயிருக்கலாம். எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) அல்லாத உபுண்டுவுக்கு 9 மாதம்தான் ஆதரவு. 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் வந்த மெஷின்களை இன்னும் கொண்டு வருகிறார்கள். இப்படி ஆதரவு முடிந்த மெஷின்களுக்கு மட்டும்தான் புதிதாகப் போடச் சொல்வேன். அதற்கு முன் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து சரிபார்த்துவிடுங்கள்.