ரோலின்ஸின் வான்கார்ட் பதிவைக் கேட்கும்போது செய்யக்கூடாதவை

ஜாஸில் நேரடிப் பதிவு ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், பலரும் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸின் ‘எ நைட் அட் தி வில்லேஜ் வான்கார்ட்’டைத்தான் சொல்வார்கள். 1957 நவம்பர் 3 அன்று, நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் உள்ள வில்லேஜ் வான்கார்ட் என்ற அடித்தள கிளப்பில் பதிவானது. அருமையான ஆல்பம். ஆனால் புதிதாகக் கேட்பவர்களுக்குப் பிடிபடாமல் போவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் கேட்கிற விதம்தான் காரணம்.

முக்கியமான தவறு, போன் ஸ்பீக்கரில் போடுவது. இந்தக் குழுவில் பியானோ கிடையாது. டெனர் சாக்ஸபோன், டபுள் பாஸ் (கனத்த கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ், அவ்வளவுதான். பாட்டு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று பியானோவின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) வழக்கமாகக் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்தப் பொறுப்பு பாஸ் வாசிப்பவர் தலையில் விழுகிறது. சின்ன ஸ்பீக்கரில் பாஸ் கேட்காமல் போனால், ரோலின்ஸ் மனம் போன போக்கில் ஊதுவதாகத்தான் தோன்றும். சுமாரான ஹெட்போனே போதும். ஒலி இடம் வலமாகப் பிரியவில்லையே என்று பதறவேண்டாம்; இது மோனோ பதிவு, இரு பக்கமும் ஒரே ஒலிதான்.

அப்புறம், ஒரே பாட்டு இரண்டு தடவை வந்தால் தாண்டிவிடுவது. பின்னாளில் வந்த விரிவான சிடியில் ‘எ நைட் இன் துனீசியா’ இரண்டு முறை உண்டு. ஆல்பத்தின் பெயரில் இரவு இருந்தாலும், ஒன்று பிற்பகலில் வாசித்தது: பாஸில் டொனால்ட் பெய்லி, டிரம்ஸில் 19 வயது பீட் லா ரோக்கா. மற்றது இரவு, வில்பர் வேரும் எல்வின் ஜோன்ஸும். அதே மேடை, அதே சாக்ஸபோன், சில மணி நேர இடைவெளி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, சாக்ஸை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். எல்வின் வரும்போது தாளம் நாலாபக்கமும் பரவுகிறது; ரோலின்ஸும் அதற்கேற்ப நடையை மாற்றுகிறார். முதலில் வந்த எல்பி இசைத்தட்டில் ஆறே பாடல்கள். அதோடு நிறுத்திக்கொண்டால் இந்த ஒப்பீடு கிடைக்காது.

கைதட்டலும் பேச்சுச் சத்தமும் பதிவின் குறை இல்லை. ஒலிப்பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர், ஜாஸ் ஒலிப்பதிவில் பேர்போனவர், சாதாரண ஆள் இல்லை.

இது பிடித்துப்போனதும் பலர் நேராக இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேனின் 1961 வான்கார்ட் பதிவுக்குத் தாவி, ‘சேஸின் த ட்ரேன்’னில் மாட்டிக்கொள்கிறார்கள். எல்பியின் ஒரு பக்கம் முழுக்க, சுமார் 16 நிமிடம் ஓடும் மூர்க்கமான வாசிப்பு அது. அதே ஆல்பத்தின் ‘ஸ்பிரிச்சுவல்’ முதலில் கேளுங்கள்.