ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கை 300 பக்கம் வருவது சாதாரணம். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பவர்கள் தலைவரின் கடிதமும் வண்ணப் படங்களும் முடிவதற்குள் களைத்துப்போய் மூடிவிடுகிறார்கள். நான் சில வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இதைத் தயாரிக்கும் வேலையில் இருந்தேன், இப்போது சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டு இதையே படிக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பின்னாலிருந்து படியுங்கள்.

பிஎஸ்இ, என்எஸ்இ பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு வருடத்து அறிக்கை போதாது. மூன்று வருடத்தை எடுத்து, கணக்கோடு வரும் விளக்கக் குறிப்புகளில் ஒரே குறிப்பை மூன்றிலும் அருகருகே வைத்துப் பாருங்கள். போன வருடம் இருந்த ஒரு வரி இந்த வருடம் காணாமல் போயிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

முதலில் தணிக்கையாளர் அறிக்கை. கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் சரி. 'இந்த விஷயம் நீங்கலாக' என்று ஒரு வால் ஒட்டியிருந்தால் அந்த விஷயத்தைத் தேடிப் பிடிக்காமல் மேலே போகாதீர்கள். 2018-19 முதல், தணிக்கையில் தங்கள் கவனத்தை அதிகம் எடுத்துக்கொண்ட முக்கிய விஷயங்கள் எவை என்பதையும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் எழுத வேண்டியிருக்கிறது. கணக்கில் எங்கே மதிப்பீடும் ஊகமும் அதிகம் என்று அதுவே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

அதற்குப் பின்னால் ஓர் இணைப்பு இருக்கும், கணக்குத் துறையில் 'காரோ' என்பார்கள், தணிக்கையாளர் எதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று பட்டியல் போடும் அரசு ஆணையின் சுருக்கப் பெயர் அது. பலரும் தாண்டிப்போகிற இடம் இது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கடன் தவணை தவறியிருக்கிறதா, எந்த வரி வழக்கு எந்த மன்றத்தில் எவ்வளவு தொகைக்கு நிற்கிறது, அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனக் கடனுக்காக வங்கிக்குக் காலாண்டுக்கு ஒருமுறை கொடுத்த கணக்கும் நிறுவனத்தின் சொந்தப் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் அங்கே இருக்கும். வங்கிக்கு ஒரு கணக்கு, புத்தகத்தில் வேறு கணக்கு என்றால், வித்தியாசத்துக்கு அங்கே சொல்லியிருக்கும் காரணத்தை இரண்டு முறை படியுங்கள்.

அடுத்து குறிப்புகள். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பணத்தின் வயதுப் பட்டியலைப் பாருங்கள்: ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள் என்று போய் மூன்று வருடத்துக்கு மேல் என்பது வரை பிரித்திருப்பார்கள். விற்பனை ஏறுகிறது, ஆனால் பழைய பாக்கியும் சேர்ந்தே ஏறுகிறது என்றால் அந்த விற்பனையை அப்படியே நம்ப வேண்டாம். அப்புறம் தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் புரமோட்டர் குடும்பத்தின் மற்ற நிறுவனங்களுக்குப் போன கடன், வாடகை, முன்பணம். பேலன்ஸ் ஷீட்டில் ஏறாமல் குறிப்பில் மட்டும் நிற்கிற, மற்றவர் கடனுக்குக் கொடுத்த உத்தரவாதங்களையும் விட்டுவிடாதீர்கள்.

கையிருப்புப் பணம் நிறைய இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் இறுதியில் புத்தகத்தில் இருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம். அதன் மேல் சேர்ந்ததாகக் காட்டிய 376 கோடி வட்டியும் பொய். ஆகவே இவ்வளவு பணத்துக்கு வட்டி எவ்வளவு வந்தது, அது ரொக்கமாக வந்ததா, இத்தனை பணத்தை வைத்துக்கொண்டு எதற்காகக் கடன் வாங்குகிறார்கள் என்று கேஷ் ஃப்ளோவோடு, அதாவது ரொக்கம் வந்துபோன கணக்கோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா மோசடியும் இதில் பிடிபட்டுவிடாது, ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இனி தயாரிக்கிறவர்களுக்கு. சட்டம் கேட்கிறது, அதனால் போன வருட ஃபைலில் எண்ணை மட்டும் மாற்றுவோம் என்று செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். மேலே சொன்ன பாக்கியின் வயதுப் பட்டியல் ஒரு விதித் திருத்தத்தால் 2021-22 கணக்கில்தான் கட்டாயமானது. நான் இருந்த இடத்தில் அதைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் மூன்று வருடம் தாண்டிய பாக்கி எவ்வளவு என்று விற்பனைப் பிரிவுக்கே தெரிந்தது, அந்த வாரமே ஆளை அனுப்பி வசூலிக்க ஆரம்பித்தார்கள். முக்கிய விகிதங்களில் ஏதாவது 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் கணக்குக் குறிப்பிலேயே விளக்கம் எழுத வேண்டும் என்ற விதியும் அதே திருத்தத்தில் வந்ததுதான். 'வியாபாரச் சூழல் காரணமாக' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். எந்தப் பொருள், எந்த ஆலை, எந்தக் கடன் என்று எழுதுங்கள். அதற்காக நாலு பிரிவுக்கு நடந்து கேட்டு வந்தால் உங்கள் நிறுவனத்தையே நீங்கள் புதிதாகத் தெரிந்துகொள்வீர்கள், முதலீட்டாளருக்கும் ஃபோன் போட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

முன்பக்கத்துத் தலைவர் கடிதத்தையும் நிர்வாக அலசலையும் முதலீட்டாளர்கள் கடைசியாகப் படித்தால் போதும். எண்களைப் பார்த்தபின் அவற்றைப் படித்தால் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பது சட்டென்று தெரியும். அப்படித் தெரிந்ததைக் கேள்வியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு பொதுவாக 21 நாள் முன்னதாக வந்துவிடும், காணொளிக் கூட்டம் என்றால் பேசுவதற்குப் பெயர் பதிவு செய்யும் முறையும் கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் நீங்கள் பங்குதாரர்தான், பக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.