பார்சல் கதவுத் துளைக்குள் நுழையுமா?

பிரிட்டனில் பல வீடுகளில் தனியாகத் தபால்பெட்டி கிடையாது. வாசல் கதவிலேயே ஒரு நீளத் துளைதான். ஆன்லைனில் வாங்கும் பொருள் அதற்குள் நுழையுமா? விற்பவர் போட்டிருக்கும் தபால் வகையைப் பாருங்கள். பிரிட்டனின் தபால் நிறுவனமான ராயல் மெயிலின் ‘லார்ஜ் லெட்டர்’ என்றால் அதிகபட்சம் 35.3 x 25 x 2.5 செ.மீ.; பெரும்பாலும் உள்ளே விழுந்துவிடும். ‘ஸ்மால் பார்சல்’ 16 செ.மீ. தடிமன் வரை இருக்கலாம். அதை வாங்க வீட்டில் ஆள் இருப்பது நல்லது.

துளையை அளக்கும்போது வெளிமூடியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். குளிர்காற்றைத் தடுக்க உள்பக்கம் வைத்திருக்கும் பிரஷ் பாதி இடத்தைத் தின்றுவிடும். மூடியைத் தள்ளிப் பிடித்து, மிச்ச இடைவெளியை அளங்கள். டி-ஷர்ட் மாதிரித் துணி என்றால் சரி, நசுங்கி நுழைந்துவிடும். கெட்டி அட்டைப் புத்தகம்தான் மல்லுக்கட்டும். நீங்களே அனுப்புவதானால், உறைக்குள் போட்டு ஒட்டிய பிறகு தடிமனை அளங்கள்.