சுவரோடு சேர்ந்த புத்தக அலமாரி: முதல்முறை செய்பவர்களுக்கு

சுவரை அடைத்து நிற்கும் புத்தக அலமாரி பெரிய தச்சு வேலை மாதிரித் தெரியும். பிரித்துப் பார்த்தால் சில மரப்பெட்டிகள்தான். சிக்கல் சுவரில் இருக்கிறது: சுவர் நேராக இருக்காது, தரையும் மட்டமாக இருக்காது. அதனால் பெட்டியைச் சரியான செங்கோணத்தில் செய்துவிட்டு, சுவரின் கோணலை ஓரப்பட்டையால், அதாவது பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூடும் ஒல்லியான பலகையால், மறைக்க வேண்டும். சுவருக்குத் தக்கபடி பெட்டியைக் கோணலாகச் செய்தால் ஒரு தட்டுகூடப் பொருந்தாது.

1. அளவு

அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரு பக்கமும் 2 செ.மீ. கழியுங்கள். உயரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். படுக்கவைத்துச் செய்த பெட்டியைத் தூக்கி நிறுத்தும்போது அதன் மூலைவிட்டம் கூரையில் இடிக்கும். 230 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்கு மூலைவிட்டம் சுமார் 232 செ.மீ. பெட்டிக்குக் கீழே வரும் அடிச்சட்டத்தின் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சுவரில் ஈரம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

2. தட்டின் நீளம்

அழகுக்காக நீளமான தட்டு வைக்கத் தோன்றும். வேண்டாம். புத்தகங்களை வரிசையாக அடுக்கினால் தட்டின் நீளம் இரட்டிப்பாகும்போது தொய்வு 16 மடங்காகிறது. 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 75 செ.மீ. போதும். முன் விளிம்பில் 4 செ.மீ. அகல மரச்சட்டத்தைச் செங்குத்தாக ஒட்டினால் தட்டு இன்னும் விறைப்பாக நிற்கும், பிளைவுட்டின் அடுக்குகளும் மறையும்.

3. பெட்டி

பலகைகளை அளவுக்கு வெட்டி, மரப்பசை தடவி, 50 மி.மீ. திருகுகளால் இணையுங்கள். 4 மி.மீ. திருகு என்றால் முதலில் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் பிளைவுட் பிளந்துவிடும். பசை காய்வதற்குள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் சமமென்றால் பெட்டி சரி. இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் அழுத்திச் சமமாக்கி, 6 மி.மீ. பின்பலகையை அடியுங்கள். அதன்பிறகு பெட்டி அசையாது.

4. அடிச்சட்டம்

பெட்டியை நேராகத் தரையில் வைக்காதீர்கள். 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் தனிச்சட்டம் செய்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடங்களில் ஆப்பு செருகி மட்டமாக்குங்கள். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். சட்டம் மட்டமானால் மேலே வரும் எல்லாமே தானாகச் சரியாகும்.

5. சுவரில் பிணைத்தல்

உயரமான அலமாரி முன்பக்கம் சாயக்கூடியது. மேல்பகுதியில் உறுதியான மரச்சட்டம் வைத்து, அதன் வழியாகச் சுவரில் துளையிட்டு, திருகை இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் போட்டுத் திருகுங்கள். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடலாம், அங்கே துளையிடாதீர்கள். அப்புறம் பக்கத்துப் பெட்டிகளை ஒன்றோடொன்று திருகிச் சேருங்கள்.

6. ஓரப்பட்டை

பட்டையை ரசமட்டத்தில் செங்குத்தாகச் சுவரோடு பிடியுங்கள். சில இடத்தில் தொடும், சில இடத்தில் இடைவெளி தெரியும். மிகப் பெரிய இடைவெளியின் அகலத்துக்கு ஒரு சிறு மரத்துண்டை வெட்டி, அதைச் சுவரில் ஒட்டியபடி மேலிருந்து கீழே நகர்த்துங்கள். துண்டின் மறுவிளிம்போடு பென்சிலும் வரட்டும். சுவரின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பட்டையில் கோடாக இறங்கும். அந்தக் கோடு வரை இழையுங்கள், பின்பக்கத்தைச் சற்று அதிகமாக. பட்டை சுவரில் பதிந்து உட்காருவதைப் பார்க்கும்போது அவ்வளவு நிறைவாக இருக்கும்! இந்த முறையில் அகலம் குறையும் என்பதால், பட்டையைத் தேவைக்கு மேல் அகலமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உப்புத்தாள், பெயின்ட். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே புத்தகங்களை ஏற்றாதீர்கள். பெயின்ட் உள்ளே இறுக இன்னும் நாளாகும், அதற்குள் அடுக்கினால் அட்டைகள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரமாவது காயவிட்டு, கனமானவற்றைக் கீழ்த்தட்டிலிருந்து அடுக்கத் தொடங்குங்கள்.