லாமுவில் நடையும் கடலும்

லாமு, கென்யாவின் கடலோரத் தீவு. நைரோபியிலிருந்து வரும் விமானம் பக்கத்து மாண்டா தீவில் இறங்கும். அங்கிருந்து லாமுவுக்குப் படகு. கூலியை ஏறும் முன்பே ஷில்லிங்கில் பேசிவிடுங்கள். பழைய நகரம் 2001 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. சந்துகளில் கார் நுழையாது, கழுதைதான். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்குங்கள். செதுக்கிய மரக்கதவுகளைக் காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். ஒரே கதவின் முன் நான் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். தோளும் முழங்காலும் மறையும் உடை போடுங்கள், தொழுகைச் சத்தத்தோடு விடியும் ஊர் இது.

அப்புறம் ஷேலா கடற்கரை. பழைய நகரத்திலிருந்து கரையோரமாகவே சுமார் 3 கிலோமீட்டர் நடந்து போகலாம். ஆனால் கடல் ஏறும் நேரத்தைப் படகுக்காரர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்; கேட்காமல் போன அன்று முழங்கால் தண்ணீரில் திரும்பினேன். மணல்மேடுகளில் நிழலே கிடையாது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்.